பல்லரோவில் ஒரு சுரங்க நீதிமன்றம்

விமானம் தரையைத் தொட்டதும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். தரையிறங்குவது கை தட்டும் அளவுக்குப் பெரிய காரியம் என்றால், இவ்வளவு நேரமும் நாங்கள் எந்த நிலையில் பறந்துகொண்டிருந்தோம்? பக்கத்தில் இருந்த முதியவர் சிலுவைக்குறி போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் நல்லூரானை ஒருமுறை கூப்பிட்டேன். இறங்கிய பிறகு கூப்பிட்டு என்ன பயன் என்று பிறகு என்னையே ஏசிக்கொண்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் சட்ட வரலாறு படிப்பிக்கிறவள். இத்தாலியின் தீவு நகரமான பலேர்மோவுக்குப் போனது ஒரு கருத்தரங்குக்கு. சுரங்கத் தொழிலாளர் தங்களுக்குள்ளேயே நடத்திய பழைய நீதிமன்றங்களைப் பற்றிய கருத்தரங்கு அது. ஊரில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "யாழ்ப்பாணத்தில தோண்டினா கிணறுதானே வரும், உங்களுக்கென்ன சுரங்கம்?" என்று எங்கள் அலுவலக லிகிதர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். தேசவழமையைப் பல வருடம் படிப்பித்தவள் நான். அரசன் எழுதிக் கொடுக்காமல் சனங்கள் பழகிப் பழகி உண்டாக்கிய சட்டம் அது. அப்படி வேறெங்கே என்ன இருக்கிறது என்று தேடப்போய், இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைப்பகுதியில் ஈயம் தோண்டியவர்களின் கோர்ட்டில் வந்து விழுந்தேன். அதற்குப் பெயர் பார்மோட். சுரங்கக்காரர்களே யூரிகள். எந்தக் குழி யாருடையது, யார் யாருடைய எல்லைக்குள் தோண்டினான் என்றெல்லாம் அவர்கள்தான் தீர்ப்புச் சொன்னார்கள். ஈயம் தீர்ந்துபோன இந்தக் காலத்திலும், பழக்கத்தை விடாமல் கூடி, ரொட்டியும் சீஸும் சாப்பிட்டு, மண்குழாயில் புகைபிடித்துவிட்டுக் கலைகிறார்களாம். இதை நான் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆங்கிலத்தில், பெரிய பெரிய ஆட்களுக்கு முன்னால் பேசவேண்டும். அந்த நினைப்பிலேயே இரண்டு கிழமையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போன ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மொட்டை மலை. என் சூட்கேஸில், பலேர்மோவில் இருக்கும் தம்பி மனைவி சுகந்திக்கு அவளின் தாய் கொடுத்துவிட்ட மோர்மிளகாயும் வடகமும் பனங்கட்டியும் இருந்தன. வெயிலில் பனங்கட்டி உருகி என் கட்டுரைக்குள் வடிவதாகவே எனக்குத் தோன்றியது. முன் இருக்கையில் ஒரு அம்மா ரயில்காரரைப் பிடித்துச் சத்தம் போட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று ஆங்கிலம் தெரிந்த ஒரு பெட்டையிடம் கேட்டேன். "வெளிக்கிடும்போது வெளிக்கிடும் என்கிறார்" என்றாள். கொடிகாமத்தில் நின்றுபோன பஸ்ஸில் நான் நூறு தடவை கேட்ட பதில்தான். ஆனால் அங்கே இறங்கி நடக்கலாம்.

சென்ட்ராலே ஸ்டேஷனில் சுகந்தி மட்டும் நின்றாள். அவள் என் சித்தி மகன் ரூபனின் மனைவி. ரூபன் வரவில்லை.

"தம்பி எங்கை?"

"வீட்டில, மச்சாள். வாங்கோ, நடந்து நடந்து கதைப்பம்" என்றாள். ஆனால் ஒரேத்தோத் தெருவில் இருக்கும் அவர்களுடைய வீடு வரும்வரை அவள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சூட்கேஸின் ஒரு சில்லு கழன்றுபோய், நடைபாதைக் கல் எல்லாம் கடகடவென்று எங்களுக்காகக் கதைத்தது.

போன மாதம் சித்தி ஊரில் செத்துப்போனா. ரூபன் அவவின் ஒரே பிள்ளை. அவனுடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் இத்தாலியில் இருப்பதற்கான பத்திரம், புதுப்பிக்கக் கொடுத்தபடி கிடந்ததால் வர முடியவில்லை. செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவனுடைய பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தபோது திரையில் ரூபனின் முகம் இல்லை, வெறும் சுவர்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவனோடு என்ன கதைப்பது என்று பயந்து நான் போன் எடுக்கவேயில்லை.

கதவைத் திறந்தவன் தாடியோடு நின்றான். "வாங்கோ அக்கா" என்றான். கண்ணைப் பார்க்கவில்லை. சோறும், கத்தரிக்காய்க் குழம்பும், நான் கொண்டுபோன மோர்மிளகாயைப் பொரித்ததும் வைத்துச் சாப்பிட்டோம். அவன் ஒரு நேரம்தான் சாப்பிடுகிறானாம். மற்றவர்கள் கையலம்பிய பிறகு சுகந்திதான் விசயத்தைச் சொன்னாள்.

ரூபனுக்குப் பல்லரோச் சந்தையில் ஒரு இடம் இருந்தது. வெண்டிக்காய், பாகற்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை என்று எங்கட சாமான் விற்கிற சின்ன இடம். தாய் செத்த செய்தி வந்த அன்று அவன் கடையை எடுத்துவைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. கோவிலுக்கு மரக்கறி வாங்குகிற சனங்கள் அவனிடம்தான் வாங்குவார்கள். துடக்குக் கையால் கொடுக்கக்கூடாது என்று இருந்துவிட்டான். போன சனிக்கிழமை, பக்கத்தில் ஒலிவ்காயும் நத்தையும் விற்கிற சால்வோ அந்த இடத்தில் தன் பெட்டிகளைப் பரப்பிவிட்டான்.

"போய்க் கேட்டனியளோ?" என்றேன்.

"கேட்டன். சந்தையில மூண்டு பெரியாக்கள் இருக்கினம், அவையள் வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடிச் சொல்லுவினம் எண்டான்" என்றாள் சுகந்தி. "இடம் போச்சுதெண்டா இவர் திரும்ப வயசாளியளைப் பாக்கிற வேலைக்குத்தான் போகோணும். மொந்தெல்லோவில ஒரு வீட்டுக்காரர் கேட்டிருக்கினம். சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ள பதில் சொல்லட்டாம்."

அந்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கலியாணம் முடித்து ஏழு வருடம் ரூபன் அப்படித்தான் இருந்தான். அந்த வீட்டிலேயே படுக்கை, அங்கேயே சாப்பாடு. மனைவியையும் மகளையும் வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் பார்க்கலாம். மகள் அபி சின்ன வயதில் அவனை "ஞாயிற்றுக்கிழமை அப்பா" என்று கூப்பிட்டதைச் சித்தி ஊரில் சொல்லிச் சொல்லி அழுவா. சந்தையில் இடம் கிடைத்த பிறகுதான் அவன் தன் வீட்டில் இரவில் படுத்தான்.

வியாழக்கிழமை கருத்தரங்கு தொடங்கியது. மத்தியானம் கடலைமாவில் பொரித்த பனெல்லேயைப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். எங்கட கடலைமா பஜ்ஜியைச் சப்பையாக்கிப் பாணுக்குள் வைத்தால் எப்படி, அப்படி. நல்ல ருசி. ஆனால் ஒரு ஜெர்மன் பேராசிரியர் பக்கத்தில் வந்து, "சனிக்கிழமை உங்களிடம் கேட்க எனக்கு நிறையக் கேள்வி இருக்கிறது" என்று சிரித்தார். மிச்சப் பாணைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் பல்லரோவுக்குள் நடந்தேன். எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையை ஒடுக்கமான ஒழுங்கைக்குள் தள்ளி, மேலே சிவப்புப் படங்கு கட்டினால் எப்படி இருக்கும்? வாள்மீனின் தலை வாளை நீட்டிக்கொண்டு நிற்க, அதன் கீழே ஒரு நாய் படுத்திருந்தது. வியாபாரிகள் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துக் கூவினார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். பயந்துபோய் விலகினேன். பின்னால் வந்த மன்னார் அன்ரி ஒருவர், "பயப்பிடாதையுங்கோ பிள்ளை, தோடம்பழம் இனிப்பாம் எண்டு சொல்லுறார்" என்றார். சால்வோவின் நத்தைகள் கூடையின் விளிம்பு வரை ஏறி நின்றன. அவன் அவற்றைக் கையால் வழித்து உள்ளே போட்டான். ரூபனின் இடம் எது என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அங்கேதான் புதிதாக ஒலிவ்காய்ப் பீப்பாக்கள் நின்றன.

இரவுச் சாப்பாட்டில் ரூபன் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டான்.

"அக்கா, உங்கட அந்தச் சுரங்கக் கோர்ட்டில, ஒருத்தன் வராமல் விட்டா இடத்தை எடுப்பினமோ?"

நான் படித்தவள் என்ற கொழுப்பில், யோசிக்காமல் சொல்லத் தொடங்கிவிட்டேன். குழிக்கு மேலே வாளி இழுக்கிற மரச்சட்டம் நிற்கும். அதுதான் உரிமைக்கு அடையாளம். ஆள் வேலை செய்யாமல் விட்டால், சுரங்க அதிகாரி வந்து அந்தச் சட்டத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். அடுத்த கிழமை இன்னொன்று. மூன்றாவது வெட்டு விழுந்தால் குழியைக் கேட்டவனுக்குக் கொடுத்துவிடலாம்.

சுகந்தி அகப்பையைக் கீழே வைத்தாள். "மூண்டு கிழமையோ?"

"ஓம்."

"இஞ்சையும் அதுதான் மச்சாள். மூண்டு சனிக்கிழமை வெறுமையாக் கிடந்தா பக்கத்தில இருக்கிறவன் எடுக்கலாமாம்."

வேறொரு நாட்டு மலையின் வழக்கத்தை வருடக்கணக்காகப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். எவ்வளவு நியாயம், எவ்வளவு எளிமை என்றெல்லாம். அது என் தம்பியின் சோற்றில் வந்து விழும் என்று நான் நினைக்கவேயில்லை. தண்ணீர் பெருகினாலோ, குழிக்குள் காற்றுக் கெட்டாலோ வெட்டுப் போடமாட்டார்கள் என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன். ரூபன் தலையை ஆட்டினான். "தண்ணியுமில்லை, காத்துக் கெடவுமில்லை" என்று எழும்பிப் போனான்.

"நாளைக்கு அங்கை வந்து உதுகளைக் கதைக்காதேங்கோ மச்சாள்" என்றாள் சுகந்தி. கதைக்கவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன்.

வெள்ளி பின்னேரம் சந்தை கலைந்து, ஒழுங்கையைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நுன்ஸியா என்ற அம்மாவின் கடைக்குப் பின்னறையில் கூட்டம். அவ சுட்ட வெங்காயமும் அவித்த உருளைக்கிழங்கும் விற்கிறவ. அறை முழுக்க வெங்காய வாசம். நுன்ஸியாவோடு, முட்டைக்கோசு விற்கிற தோன் மிம்மோ என்ற கிழவர், கடைசிவரை வாயே திறக்காத ஒரு மீன்காரர். மூன்று கதிரை அவர்களுக்கு, பெட்டிகள் எங்களுக்கு. கறுப்பு அங்கியுமில்லை, சுத்தியலுமில்லை. ஆனால் பத்துக் கோர்ட் பார்த்த நான் பெட்டியின் நுனியில் ஒடுங்கி இருந்தேன். சுகந்தி என் காதுக்குள் மொழிபெயர்த்தாள்.

சால்வோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "நான் கள்ளனில்லை. மூண்டு சனி பாத்தனான். ஆளில்லை, பெட்டியில்லை, தராசில்லை. கம்பத்தில ஒரு சாமிப் படம்தான் தொங்கிச்சுது. இவையளின்ர திருவிழாவாக்கும், ஊருக்குப் போட்டானாக்கும் எண்டு நினைச்சன். திருவிழாவும் முடிஞ்சிருக்கும்தானே?"

அவன் ஒரு மூலையிலிருந்து அந்தப் படத்தை, சுருட்டிய பனரை எடுத்து விரித்தான். கிழிக்காமல், நனையாமல் வைத்திருந்தான். அது சித்தியின் கண்ணீர் அஞ்சலி.

எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி தொங்குகிற அதே மாதிரிதான். சிவப்புப் பட்டுச்சேலையும் பெரிய பொட்டுமாகச் சித்தி சிரிக்கிறா. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை, மேலே வெள்ளைப் புறாக்கள், பின்னால் நீல வானம். ரூபன் இங்கே அச்சடித்துக் கடைக் கம்பத்தில் கட்டியிருக்கிறான். எங்களுக்கு அதைப் பார்த்தாலே யாரோ செத்தது விளங்கும். தமிழ் வாசிக்கத் தெரியாதவனுக்கு அதில் எங்கே சாவு இருக்கிறது? கறுப்பில் ஒரு கீறுகூட இல்லை.

நுன்ஸியா பனரைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தா. "நான் இந்த அம்மனுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். முழங்கால் நோவுக்கு நேர்த்தியும் வைச்சனான்."

"அது என்ர மாமி" என்றாள் சுகந்தி. "செத்துப்போனா."

சால்வோ பனரைப் பிடித்த கையைத் தாழ்த்துவதா உயர்த்துவதா என்று தெரியாமல் நின்றான். பிறகு மிம்மோ மெல்லச் சொன்னார். அவர்களிடம் துக்கம் என்றால் கடைப் பலகையில் ஒரு கறுப்புப் பட்டி ஒட்டுவார்கள். தாய்க்கு என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். அதை ஒட்டிய இடத்தை எத்தனை சனிக்கிழமை போனாலும் ஒருவன் தொடமாட்டான்.

"அது இவருக்குத் தெரியாது" என்றாள் சுகந்தி.

"தெரியாதெண்டா வாயால சொல்லியிருக்கலாம்தானே? நாலு அடி தள்ளித்தானே நான் நிக்கிறன்" என்று நுன்ஸியா ரூபனைக் கேட்டா. ரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. வாயைத் திறவடா தம்பி!

அப்போது மிம்மோ என் பக்கம் கையைக் காட்டி, இது யார் என்று கேட்டார். சுகந்தி வேறு வழியில்லாமல், இவரின் அக்கா, சுரங்கக்காரர்களின் பழைய கோர்ட்டைப் பற்றிப் படிக்கிறவ என்று சொல்லிவிட்டாள். கிழவரின் முகம் மாறியது. அங்கே இப்படி வழக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆனால் எனக்குப் பொய் சொன்னால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளதைச் சொன்னேன். மூன்று வெட்டு, பிறகு குழி போய்விடும். தண்ணீருக்கும் கெட்ட காற்றுக்கும் மட்டும் விலக்கு. சுகந்தி என்னை முறைத்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

"தாய் செத்தா?"

"நான் வாசிச்சதில இல்லை."

"ஏன், அந்தச் சுரங்கக்காரருக்குத் தாய்மார் இல்லையோ?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை. ஜெர்மன் பேராசிரியருக்கும் வந்திருக்காது.

மிம்மோ கதிரையில் சாய்ந்தார். அவருடைய தகப்பன் இந்தத் தீவின் உள்நாட்டில் கந்தகச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். "எங்கட ஆக்களுக்கு அங்கை உப்பிடி ஒரு கோர்ட்டும் இருக்கேல்லை. நிலத்துக்காரன் சொன்னதுதான் சட்டம். ஒருநாள் வராட்டி இடம் இல்லை, கேக்க ஆளும் இல்லை. அப்பா அதிலயிருந்து ஓடி வந்துதான் இஞ்சை முட்டைக்கோசு வித்தவர். இஞ்சை எண்டாலும் கேக்க ஆள் இருக்கோணும்."

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு நுன்ஸியா தீர்ப்புச் சொன்னா. துக்கம் துக்கம்தான், என்ன நிறத்தில் தொங்கினாலும். இடம் ரூபனுடையது. எடுத்தவன்தான் திருப்பி ஒழுங்குபண்ணிக் கொடுக்கவேண்டும். சால்வோ தலையாட்டினான். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை. இன்னொரு சனி வெறுமையாகக் கிடந்தால் சந்தையில் மற்றவர்கள் இந்தத் தீர்ப்பை ஏற்கமாட்டார்கள். நாளைக்கு எல்லோரும் பார்க்க ரூபன் கடை திறக்கவேண்டும்.

நான் பெருமூச்சு விட்டேன். விட்டதுதான் தாமதம், ரூபன் முதல்முறையாக வாய் திறந்தான்.

"ஏலாது."

செவ்வாய்க்கிழமைதான் முப்பத்தொன்று. சுகந்தி துடக்கென்றால் என்ன என்று கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினாள். மருமகளானபடியால் தனக்கும் துடக்கு, பேத்திக்கும் துடக்கு. நுன்ஸியாவுக்குக் கோபம் வந்தது. இடம் தந்தும் வேண்டாம் என்றால் என்ன செய்வது? மிம்மோதான் கையை உயர்த்தினார். "அவனாத்தான் நிக்கோணும் எண்டில்லை. அவன்ர ரத்தத்தில ஒருத்தர் நிண்டாக் காணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாய் வழி, சித்தியின் அக்காவுக்குப் பிறந்த பெறாமகள். எனக்குத் துடக்கு எப்போதோ கழிந்துவிட்டது.

"எனக்கு நாளைக்குப் பத்து மணிக்குப் பேச்சு" என்றேன். உண்மைதானே? அந்தப் பேச்சுக்காகத்தான் லீவும் தந்து ரிக்கற்றும் போட்டுத் தந்திருக்கிறார்கள். எனக்கு இத்தாலியனும் தெரியாது, தராசு பிடிக்கவும் தெரியாது. ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. அதுதான் கூடக் கொடுமையாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ரூபனைக் கேட்டேன். "மூண்டு நாள்தானேடா. சித்தி கோவிக்க மாட்டா."

"நான் முகம் பாக்கேல்லை அக்கா. கொள்ளி வைக்கேல்லை. இந்த முப்பத்தொரு நாள் மட்டும்தான் நான் அம்மாவுக்குச் செய்யிறது. அதையும் வெண்டிக்காய்க்கு வித்துப்போட்டு நான் என்னண்டு இருக்கிறது?" கொஞ்சத் தூரம் நடந்தான். "அவையளுக்குச் சொன்னா ஓடி வந்து கட்டிப்பிடிச்சுத் துக்கம் விசாரிப்பினம். எந்த மூஞ்சியோட நிக்கிறது? கொள்ளி வைக்காத பிள்ளைக்கு என்ன துக்கம்?"

வீட்டில் சுகந்தி ரூபனின் சேட்டுகளை அயர்ன் பண்ணத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக மடித்து ஒரு பையில் வைத்தாள். மொந்தெல்லோவுக்கு. அவள் அழவில்லை, என்னைக் குறை சொல்லவுமில்லை. சேட்டின் கழுத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அபி வந்து, அந்தப் பைக்குள் கையை விட்டு ஒரு சேட்டை வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுகந்தி அடுத்ததை எடுத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"விடு பிள்ளை, நான் நிக்கிறன்" என்றேன். சொன்ன வாயை அடுத்த நிமிடமே அடிக்கவேண்டும் போல் இருந்தது.

சனிக்கிழமை விடியப் போனபோது ஒலிவ்காய்ப் பீப்பாக்கள் அங்கே இல்லை. சால்வோ மொத்தச் சந்தைக்குப் போய் வெண்டிக்காயும் கத்தரிக்காயும் பச்சைமிளகாயும் மற்ற எங்கட சாமானும் ஏற்றி வந்து, பெட்டிகளைச் சரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். பாகற்காயைத் தலைகீழாக அடுக்கியிருந்தான், பரவாயில்லை. ரூபனும் சுகந்தியும் ஒழுங்கைக்கு எதிர்ப்புறச் சுவரோடு நின்றார்கள். ரூபன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான், மறந்தும் ஒன்றைத் தொட்டுவிடக்கூடாது என்று.

நான் தராசுக்குப் பின்னால் நின்றேன். ஒருவரும் வரவில்லை. நுன்ஸியா தன் கடையிலிருந்து என்னைப் பார்த்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினா. கத்தவேண்டுமாம்! மேடையில் பேசவே நடுங்குகிற நான் சந்தையில் கூவுவதா? கண்ணை மூடிக்கொண்டு, "வெண்டிக்காய்! பிஞ்சு வெண்டிக்காய்!" என்று தமிழில் கத்தினேன். எங்கிருந்தோ ஒரு பெண்குரல், "எங்கை பிள்ளை?" என்று தமிழிலேயே கேட்டது. வியாழக்கிழமை தோடம்பழத்துக்கு என்னைக் காப்பாற்றிய மன்னார் அன்ரி.

"ஐயோ, ரூபன் தம்பி திறந்திட்டாரோ? இவ்வளவு நாளும் முருங்கைக்காய்க்கு அலைஞ்சனான்!" என்றா. சுகந்தி எதிர்ப்புறத்திலிருந்து விலை சொல்ல, நான் நிறுத்தேன். பிறகு ஒரு வங்காளப் பெண், ஒரு கானாக்காரர், எங்கட ஊர்த் தீவுப்பகுதிப் பெட்டைகள் இரண்டு பேர். பச்சைமிளகாயைக் கூடப் போட்டுவிட்டேன் என்று ரூபன் எதிரிலிருந்து பல்லைக் கடித்தான்.

தேவாலய மணி பத்து அடித்தது. என் கைப்பைக்குள் போன் துடிக்கத் தொடங்கியது. கருத்தரங்குக்காரர்கள்தான். காலையிலேயே வர முடியாது என்று எழுதி அனுப்பியிருந்தேன், ஆனாலும் எடுத்துக் கதைக்கத் துணிவு வரவில்லை. வெறும் மேடையும், என் பெயர் எழுதிய அட்டையும், கைக்கடிகாரம் பார்க்கிற ஜெர்மன்காரரும் கண்ணுக்குள் நின்றார்கள். ஊரில் என்ன சொல்லப் போகிறேன்? சுரங்க நீதிமன்றத்தைப் பற்றிப் பேசப் போனவள் கத்தரிக்காய் விற்றாள் என்று லிகிதர் ஊர் முழுக்கச் சொல்வார். போன் நின்றது. நான் ஒரு கட்டுக் கறிவேப்பிலையை எடுத்து, வாடிய இலையைப் பிய்த்தேன். அந்தக் கட்டுரை வாசிக்கப்படவேயில்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன் மீன்காரர் வந்தார். காலிப் பெட்டிகளைப் பார்த்தார். ஒரு கத்தரிக்காயை எடுத்து அமத்திப் பார்த்து, காசு வைத்துவிட்டு, மிம்மோவைப் பார்த்துத் தலையாட்டினார். மிம்மோ கையைத் தூக்கிச் சந்தைக்கு ஏதோ உரத்துச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, சரி என்பது போல் தலையசைத்தார்கள். அவ்வளவுதான். இடம் ரூபனுடையது.

நுன்ஸியா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து ரூபனிடம் போனா. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனா, கட்டிப்பிடிக்க. ரூபன் சுவரோடு சுவராகப் பின்னால் போனான். கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. கோவித்துக்கொள்ளப் போகிறாளே மனிசி!

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் தொடக்கூடாது" என்று சுகந்தி அவசரமாகச் சொன்னாள்.

நுன்ஸியா அவனைப் பார்த்தா. பிறகு விரித்த கைகளை மடக்கித் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டா. அப்படியே ஒரு முழம் தள்ளி, அவன் நின்ற மாதிரியே அவவும் நின்றா. ஒன்றும் கேட்கவில்லை.

ரூபன் இத்தாலியனில் ஏதோ சொன்னான். இரண்டு மூன்று சொல்தான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் அம்மா என்ற சொல் எந்தப் பாஷையிலும் தெரியும்தானே. சொல்லி முடிக்கவில்லை, அவன் வாய் கோணி, சத்தம் போட்டு அழத் தொடங்கிவிட்டான். சந்தை நடுவில், எல்லோரும் பார்க்க. போனில் செத்தவீடு பார்த்த அன்று வராத அழுகை. நுன்ஸியா அவனைத் தொடாமலே, ஏங்கி ஏங்கி அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றா. நான் தராசில் கை வைத்தபடி அழுதேன். வெண்டிக்காய் கேட்டு வந்த ஒருவர் பேசாமல் காத்துக்கொண்டு நின்றார்.

சுகந்தி கொஞ்சம் தள்ளிப் போய்ப் போனை எடுத்தாள். மொந்தெல்லோ வீட்டுக்கு. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கதைத்தாள். என்ன சொன்னாய் என்று பிறகு நான் கேட்டேன்.

"அவர் வரமாட்டார் சிஞ்ஞோரா எண்டனான், மச்சாள். ஏன், வேற வேலை கிடைச்சிட்டுதோ எண்டு கேட்டினம். இல்லை, அவர் வீட்டிலதான் இருப்பார் எண்டு சொன்னன்."